‘இருந்தாலும்’ என்றொரு சொல்

பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிற வாக்கியம் ஒன்று உண்டு: “கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்.” அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இந்த வாக்கியத்தைக் கேளாத குடும்பம் அரிது. சொல்லுகிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார். கேட்கிறவரும் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுகிறார். ஆனால் தமிழ் இலக்கணம் சிறிதளவேனும் அறிந்தவர்கள் அந்த ‘ஆலும்’ என்னும் ஈற்றின்மேல் சற்று நின்று போக வேண்டும். மழை பெய்தாலும் வேலைக்குப் போவான். காய்ச்சல் அடித்தாலும் சமைத்து வைப்பாள். ஒரு தடை முன்னே நிற்க, அதையும் மீறி ஒன்று நடக்கும்போதுதான் நம் மொழி ‘ஆலும்’ போடுகிறது. ஆக, அந்தப் பெண்ணின் நிறம் மழையோடும் காய்ச்சலோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுவிட்டது. அவளது அழகு, அந்தத் தடையைத் தாண்டி எப்படியோ வந்து சேர்ந்தது.

‘சிவப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்’ என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

நம் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும், இப்போது கைப்பேசியில் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் சமூக ஊடகங்களும் கறுத்த பெண்ணை எவ்வாறு காட்டி வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை இந்த ஒரே ஈற்றுக்கு எழுதப்பட்ட விரிவுரைகளாகவே தோன்றுகின்றன. அவளை வெறுத்து ஒதுக்கும் கதைகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவளுக்காகக் கண்ணீர் வடிக்கும் கதைகளே நம் கவனத்துக்கு அதிகம் உரியவை.

1963ஆம் ஆண்டில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘நானும் ஒரு பெண்’ திரைப்படத்தை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்க நாடகம் ஒன்றைத் தழுவி ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய படம். கல்யாணி கறுப்பு; எழுதப் படிக்கவும் தெரியாதவள். அவள் ஒரு சமீன்தார் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். கணவராக எஸ்.எஸ். இராசேந்திரன், மாமனாராக எஸ்.வி. ரங்காராவ். மருமகளின் முகத்தைப் பார்க்கவே விரும்பாத அந்த மாமனார், பின்னர் அவளையன்றி வேறெவரையும் நம்பாதவராக மாறுகிறார். அந்த மாற்றத்தை ரங்காராவ் நடித்துக் காட்டும் விதம் இன்றும் வியப்பைத் தருவது. தன்னைப் போலவே கருநிறம் கொண்ட கண்ணனிடம் கல்யாணி முறையிடும் பாடல், பி. சுசீலாவின் குரலில், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வானொலியில் ஒலிக்கிறது. நடுவண் அரசு அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படமாக அதற்கு விருதளித்தது. இந்தியிலும் தெலுங்கிலும் அக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது.

நேர்மையான படம்; அதில் ஐயமில்லை. நிறத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை ஒதுக்குவது கொடுமை என்பதைத் திரையரங்கு நிறைந்த மக்கள் முன்னால் உரக்கச் சொன்ன படம். ஆயினும் அந்த ஏற்பைப் பெறுவதற்குக் கல்யாணி கொடுத்த விலையை நாம் கணக்கிட்டோமா? அவள் பணிவிடை செய்கிறாள்; பழி சுமக்கிறாள்; பொறுக்கிறாள்; மீண்டும் பொறுக்கிறாள். கறுப்பு அவள் பிறக்கும்போதே வாங்கிவிட்ட கடன்போலவும், அதற்கு வாழ்நாள் முழுதும் நற்குணத்தால் வட்டி கட்டித் தீர வேண்டும்போலவும் கதை நகர்கிறது. கல்யாணி சற்று வாயாடியாக இருந்திருந்தால்? சோம்பேறியாக, கோபக்காரியாக, மாமனாரை எதிர்த்துப் பேசுகிறவளாக இருந்திருந்தால்? சிவந்த மருமகள்கள் இத்தனை குறைகளோடும் நம் படங்களில் மருமகள்களாகவே நீடித்திருக்கிறார்கள். கல்யாணிக்கு அந்த உரிமை இல்லை.

தலைப்பையும் பாருங்கள். ‘நானும்’ என்பதில் உள்ள உம்மை ஒரு மனு. தான் பெண்தான் என்று ஒருத்தி நிறுவ வேண்டியிருக்கிறது. இதே மனுவை வேறொரு கண்டத்தில் வேறொரு குரலில் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1851இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாடொன்றில் பேசினார். ‘நான் பெண்ணில்லையா?’ என்ற கேள்வியாலேயே அந்த உரை இன்று அறியப்படுகிறது. அக்கேள்வி அவர் வாயிலிருந்து அப்படியே வந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயமுண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863இல், பிரான்சிஸ் கேஜ் என்பவர் எழுதி வெளியிட்ட வடிவமே உலகெங்கும் பரவிற்று. எவ்வாறாயினும், உழுது விதைத்து அறுத்த தம் உழைப்பைச் சான்றாக வைத்து ஆண்களுக்குச் சமமான உரிமை கோரிய உரை அது. அவர் சபையை நோக்கி வழக்காடினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் கழித்து நம் கல்யாணி அதையே கேட்கும்போது, சிலையின் முன்னால் அழுதுகொண்டே கேட்கிறாள். நம் கலைக்கு அழுகிற கறுப்பியைத்தான் பிடித்திருந்தது, வழக்காடுகிறவளைப் பிடிக்கவில்லை.

அமெரிக்கத் திரைத்துறையும் வேறு மாதிரி இருந்ததில்லை. 1939இல் வந்த ‘கான் வித் த விண்டு’ படத்தில், எசமானியம்மாளின் குடும்பத்துக்காகவே உயிர் வாழும் ‘மாமி’ என்னும் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், 1940இல் ஆஸ்கர் விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. விருது விழா நடந்த விடுதியில் அவருக்குச் சுவரோரமாகத் தனி மேசை போடப்பட்டிருந்தது. தன்னலமற்று ஊழியம் செய்யும் கறுப்புப் பெண்ணைத் திரையில் கண்டு உருகலாம். அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ணுவது வேறு விடயம்!

கல்யாணியின் கதை முடிந்துபோன கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2019 பிப்ரவரியில் விஜய் தொலைக்காட்சியில் ‘பாரதி கண்ணம்மா’ தொடர் தொடங்கியது. ‘கறுத்தமுத்து’ என்னும் மலையாளத் தொடரின் தமிழ் வடிவம் அது. 2023 பிப்ரவரி வரை நான்கு ஆண்டுகள் நம் வீடுகளின் மாலைப்பொழுதை அது ஆண்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணி முடிந்து பேருந்தில் நின்றபடியே அன்றைய பகுதியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வருகிற பெண்களை அந்நாட்களில் எவரும் பார்த்திருக்கலாம். ஒரு கறுத்த பெண்ணை நாள்தோறும் கதையின் நடுவில் நிறுத்தியது அத்தொடரின் சாதனைதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கண்ணம்மா தாயற்றவள், சிற்றன்னையின் ஏச்சில் வளர்ந்தவள். மருத்துவர் பாரதி அவளை விரும்பி மணக்கிறார். பாரதியின் தாய்க்குக் கறுப்பு என்றாலே ஆகாது. அந்தத் தாய்க்குக் கதாசிரியர் வைத்த பெயர் ‘சௌந்தர்யா’! கண்ணம்மா பொறுமையால் மாமியாரை வெல்லுகிறாள். பிறகு கணவனின் சந்தேகம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். 1963க்கும் 2019க்கும் இடையே ஐம்பத்தாறு ஆண்டுகள். மாமனார் போய் மாமியார் வந்தார், சமீன்தார் மாளிகை போய் மருத்துவரின் மாளிகை வந்தது. வட்டி விகிதம் மாறவில்லை.

அந்த நடையைத்தான் சமூக ஊடகம் பிடித்துக்கொண்டது. கண்ணம்மா பையோடு பல நாட்களாக நடந்துகொண்டே இருந்தாள் என்பதைக் கொண்டு 2020இல் ஆயிரக்கணக்கில் கேலிப்படங்கள் உலவின. அவள் கடற்கரையில் நடந்தாள், பாலைவனத்தில் நடந்தாள், நிலவில் நடந்தாள். அவற்றுட் சில உண்மையிலேயே சிரிப்பு வரவழைத்தவை. தொடர் எழுதுகிறவர்கள் கதையை இழுத்த இழுப்புக்கு அது தக்க தண்டனையும்கூட. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கறுத்த பெண்ணுக்கு நம் கலை காலங்காலமாக இரண்டே இருக்கைகளைத்தான் போட்டு வைத்திருக்கிறது: ஒன்று தியாகியின் பீடம், மற்றொன்று கோமாளியின் முக்காலி. பீடத்திலிருந்து முக்காலிக்குக் கண்ணம்மாவை இறக்க ஊடகத்துக்குச் சில நாட்களே போதுமாயிருந்தன. இரண்டுக்கும் நடுவே சாதாரண நாற்காலி ஒன்று இல்லவே இல்லை.

முக்காலியைப் பற்றி விரிவாகப் பேச விருப்பமில்லை. அதில் பேசுவதற்கு அதிகம் இல்லை. எனினும் 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தைச் சொல்லாமல் கடந்து போக இயலாது. அதில் பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள்; முகத்திலும் கையிலும் கரியை அப்பியதுபோல் ஒப்பனை. அவர்கள் வெட்கப்பட்டால் சிரிப்பு, சிரித்தால் சிரிப்பு, மணமகனை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாலும் சிரிப்பு. அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் ஒவ்வொரு குறுநில மன்னனிடமும் சென்று, ‘இவர்களை மணந்துகொள்’ என்று வேண்டி, மறுக்கப்பட்டுத் திரும்பிய வரலாற்றைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. பிற்கால மரபு அம்மகளிருக்கு இட்ட பெயர்களே இவை. மணமறுப்புக்கு ஆளான இரு பெண்களின் துயரத்திலிருந்து பெயரை எடுத்து, அந்த மறுப்பையே நகைச்சுவையாக்கினார்கள். திரையில் அவர்களின் தந்தையாக அமர்ந்திருந்தவர், பட்டிமன்ற மேடைகளில் நாம் மதித்துக் கேட்ட பேராசிரியர் சாலமன் பாப்பையா. தமிழறிந்த ஒருவரை அங்கே கண்டதுதான் அதிகம் வலித்தது.

அதே படத்தில் நாயகனும் தன் கறுப்பு நிறத்துக்காக வருந்திச் சிவப்பாக முயல்கிறான். ஒரு பாடலுக்காக, வெள்ளைக்காரப் பெண்ணொருவரின் தோல்நிறம் கணினியின் உதவியால் இரசினிகாந்தின்மேல் ஏற்றப்பட்டது. ஆனால் பாடல் முடிந்ததும் அவர் தம் நிறத்துக்குத் திரும்பி வந்து நாயகனாகவே தொடர்ந்தார். தமிழ்த் திரையில் ஆணின் கறுப்புக்கு அந்தச் செல்வாக்கு உண்டு. விஜயகாந்தைக் ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’ என்று இரசிகர்கள் பெருமையோடு அழைத்தார்கள். முரளியின் முகம் நம் பக்கத்து வீட்டுப் பையனின் முகம் என்று கொண்டாடப்பட்டது. இவர்களோடு ஆடிப்பாட மட்டும் பெண்கள் வடக்கேயிருந்து விமானத்தில் வந்தார்கள்.

ஒப்பனைப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த விடயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. கல்யாணியாக நடித்த விஜயகுமாரி கறுப்பரல்லர்; அவர் முகத்தில் கருமை பூசப்பட்டது. கண்ணம்மாவாக முதலில் நடித்த ரோஷினி ஹரிப்பிரியன் இயல்பில் மாநிறத்தவர். அவரையும் ஒப்பனை மேலும் கறுப்பாக்கியது. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’, 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு கொடுமையை அடிப்படையாகக் கொண்டு, இருளர் பெண்ணொருத்தியின் போராட்டத்தை மதிப்போடு சொன்ன படம். அந்தச் செங்கேணியாக வாழ்ந்தே காட்டினார் கேரளத்து நடிகை லிஜோமோள் ஜோஸ். அவர் நடிப்பில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அங்கேயும் முகம் கறுக்கப் பூசப்பட்டது. கறுத்த பெண்ணின் துயரம் நம் கலைக்கு வேண்டும். நிறமும் வேண்டும், அதுவும் மாலையில் கழுவிவிடக்கூடிய நிறமாக. அந்த முகத்தோடு பிறந்தவள் மட்டும் வேண்டியதில்லை. வெகுகாலம் அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக நடித்துச் சிரிக்க வைத்தார்கள். அதை இன்று அந்நாடு வெட்கத்தோடு நினைவுகூர்கிறது. இங்கே அது ஒப்பனைக் கலைஞரின் திறமை என்று பாராட்டப்படுகிறது.

கறுத்த நடிகையரே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தார்கள். 1978இல் பாலச்சந்தர் சரிதாவை அறிமுகம் செய்தார். அவர் நடித்த ‘மரோசரித்ரா’ தெலுங்குப் படம். மொழிமாற்றம் செய்யாமலேயே சென்னையில் ஓராண்டுக்கும் மேலாக ஓடியது. அந்தக் கண்களைத் தமிழர் மொழி பார்த்து விரும்பவில்லை, நிறம் பார்த்தும் விரும்பவில்லை. அதாவது, இரசிகர்கள் கேட்கிறார்கள் என்று முதலாளிகள் சொல்லும் சாக்குக்கு அன்றே மறுமொழி கிடைத்துவிட்டது. ஆயினும் அதே இயக்குநர் அதே கதையை 1981இல் இந்திக்குக் கொண்டுபோனபோது நாயகன் கமல்ஹாசன் அப்படியே இருந்தார். நாயகியின் இடத்துக்கு இரதி அக்னிஹோத்ரி வந்தார். ‘தண்ணீர் தண்ணீர்’, ‘அச்சமில்லை அச்சமில்லை’ என்று நடிப்பின் உச்சிகளைத் தொட்ட சரிதா, பின்னாளில் விஜயசாந்தி உள்ளிட்ட பல நாயகியருக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவரானார். குரலுக்கு நிறமில்லை என்பதால் அது மட்டும் தடையின்றி உள்ளே சென்றது.

நம் மொழி தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததா? இல்லை. சங்கப் புலவர்கள் தலைவியின் நிறத்தை ‘மாமை’ என்றார்கள். மாந்தளிர் இளமையில் கொள்ளும் அந்தக் கருமை கலந்த ஒளி அது. அவளை ‘மாயோள்’ என்றே அழைத்த பாடல்கள் உண்டு. தலைவன் பிரிந்து சென்றால் அவளுக்கு நேருவது என்ன? பசலை. மேனி வெளிறிப் பொன்னிறமாவது. தோழி அதைக் கண்டு நெஞ்சு பதைக்கிறாள். மாமை அழிந்ததே என்று புலம்புகிறாள். வெளிறிப்போவது நோய், கருமை திரும்புவது நலம் என்று எண்ணிய மக்களின் வழியில் வந்தவர்கள், இன்று ‘சிவப்பழகு’ என்று எழுதிய களிம்புக்குக் காசு கொடுக்கிறோம். அந்தச் சொல்லாக்கத்தின் தந்திரத்தைப் பாருங்கள். கறுப்புக்கும் அழகுக்கும் நடுவே ‘இருந்தாலும்’ என்று ஒரு வேலி; சிவப்புக்கும் அழகுக்கும் நடுவே ஓர் இடைவெளிகூட இல்லை, இரண்டும் புணர்ந்து ஒரே சொல்லாகிவிட்டன.

திருவிவிலியத்திலும் இதே இடத்தில் ஒரு சிக்கல் உண்டு என்பது நம்முள் பலருக்குத் தெரிந்திருக்கலாம். இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் தலைவி தன் நிறத்தையும் அழகையும் ஒருங்கே சொல்லுகிறாள். எபிரேயத்தில் அவ்விரு சொற்களையும் இணைப்பது ‘வாவ்’ என்னும் ஒற்றை எழுத்து. இடத்துக்கேற்ப அது ‘உம்’ என்றும் பொருள்படும், ‘ஆனால்’ என்றும் பொருள்படும். எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு ‘உம்’ என்று கொண்டது. புனித எரோணிமுஸ் தம் இலத்தீன் பெயர்ப்பில் ‘ஆனால்’ என்று போட்டார். அந்த ஒரு சொல் மேலைத் திருச்சபையின் செபங்களிலும் இசையிலும் ஓவியத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் நிலைத்தது. அண்மைக்கால ஆங்கிலப் பெயர்ப்புகள் சில மீண்டும் ‘உம்’முக்குத் திரும்பியிருக்கின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் எபிரேய அறிஞன் அல்லன். ஆனால் அடுத்த வசனத்தில் அவள் தன் கருமைக்குக் காரணம் சொல்லுகிறாள்: வெயில், சகோதரர்கள் அவள்மேல் சுமத்திய திராட்சைத் தோட்டக் காவல். அவள் வேலைக்குப் போகிற பெண். ஆவடியில் மின்தொடர் வண்டியைப் பிடிக்க ஓடி, தொழிற்பேட்டை வாயிலில் வெயிலில் வரிசையில் நிற்கிற நம் பெண்களுக்கு அந்த வசனத்துக்கு விரிவுரை தேவைப்படாது.

களிம்புக்கு வருவோம். ‘ஃபேர் அண்டு லவ்லி’ 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1998இல் நம் சென்னை நிறுவனமான கெவின்கேர் ‘ஃபேரெவர்’ என்று போட்டிக்கு இறங்கியது. சிறு உறைகளில் வந்தபின் பெட்டிக்கடைச் சரத்தில் அவையும் தொங்கின; வாரக் கூலி வாங்கும் பெண்ணும் வாங்கக்கூடிய விலை. நிறம் ஏறியதும் வேலை கிடைக்கிறது, மாப்பிள்ளை கிடைக்கிறான் என்ற விளம்பரங்களை மாதர் அமைப்புகள் எதிர்த்தன. கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தரக் கழகம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டு உலகமே கொதித்தபோது, ‘ஃபேர்’ என்னும் சொல் போய் ‘குளோ’ வந்தது. இணையத் திருமணத் தளமொன்று நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. கறுப்பினத்தவர் ஒருவர் மினியாபொலிசில் உயிரை விட்ட பிறகுதான் நம் பெட்டிக்கடை உறையில் ஒரு சொல் மாறியது என்பதை எண்ணிப் பாருங்கள். இதற்கெல்லாம் முன்பே, 2009இல், சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேல் நிறுவிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘கறுப்பே அழகு’ என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. அந்த முழக்கத்தில் ‘ஆலும்’ இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கத்தோலிக்க இதழ்களின் மணமக்கள் பக்கத்தைப் புரட்டுங்கள். வயது, படிப்பு, வேலை, சம்பளம்; அவற்றோடு ‘நல்ல நிறம்’, ‘சிவந்த நிறம்’, கூச்சத்தோடு ‘மாநிறம்’. ‘கறுப்பு’ என்று எழுதிய விளம்பரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கறுத்த பெண்களே நம் சபையில் இல்லை போலும்! பங்குகளில் திருமணத் தகவலுக்காக வைத்திருக்கும் படிவங்கள் சிலவற்றிலும் நிறத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவோடு ஒரு தாய் தயங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மகள் முதுநிலைப் பட்டதாரி. ஆவடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எழுதுவதா, விட்டுவிடுவதா என்று அருகில் நின்ற என்னைக் கேட்டார். விட்டால் ‘கறுப்பு’ என்று அவர்களாகவே புரிந்துகொள்வார்கள். மாநிறம் என்று எழுதினால் நேரில் பார்த்துவிட்டுக் குறை சொல்வார்கள். கடைசியில் அவர் ‘மாநிறம்’ என்று எழுதி, பிறகு அதன்மேல் கோடு கிழித்தார். மாமை என்ற சொல்லிலிருந்து எத்தனை தொலைவு வந்துவிட்டது அந்த ‘மா’!

ஆனால் அதே பங்கில் திருமணம் முடிவானபின் மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்படும் ஓலையைக் கேட்டிருப்பீர்கள். இன்னாருடைய மகன் இன்னார், இன்ன பங்கைச் சேர்ந்தவர். இன்னாருடைய மகள் இன்னார், இன்ன பங்கைச் சேர்ந்தவர். தடை ஏதும் அறிந்தவர் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். திருச்சபைச் சட்டம் திருமணத் தடைகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. நிறம் அவற்றுள் இல்லை. ஓலை கேட்காத கேள்வியை நம் படிவம் ஏன் கேட்கிறது?

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் பெரும் படப்பிடிப்பு வளாகம் ஒன்று இருப்பது இப்பகுதியினர் அறிந்ததே. 2017இல் தொடங்கிய ‘பிக் பாஸ்’ வீடு அங்கேதான் எழுப்பப்பட்டது. ரோஷினிக்குப்பின் கண்ணம்மாவாக நடித்த வினுஷா தேவி, 2023இல் அந்த வீட்டுக்குள் போட்டியாளராகச் சென்றார். அவர் உடலைப் பற்றி ஆண் போட்டியாளர் ஒருவர் பேசிய இழிவான பேச்சு, அவர் வெளியேறியபின் அந்நிகழ்ச்சியிலேயே கேள்விக்குள்ளானது. நாடு முழுவதும் கறுத்த பெண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்பிக்கும் பிம்பங்களுள் ஒரு பகுதி, நாம் மாலையில் மீன் வாங்கப் போகும் சாலையின் ஓரத்திலேயே உருவாகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

வேறு மாதிரி எடுக்கவே முடியாதா? எடுத்திருக்கிறார்கள். 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் சுதாவாக நடித்தவர் அர்ச்சனா. அதற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். பூச்சற்ற, உண்மையான கறுத்த முகம். சுதா அலுவலகம் போகிறாள். தங்கையும் தாத்தாவும் அவள் பொறுப்பில். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வளசரவாக்கத்தில் தாத்தாவுக்கு இருந்த மனையில் வீடு கட்டத் தொடங்குகிறாள். அந்நாளில் போரூரையும் அம்பத்தூரையும் ஆவடியையும் நோக்கி மனை தேடிச் சென்று, கடன் வாங்கி, மேஸ்திரியிடம் ஏமாந்து வீடு கட்டிய ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் அதுதான். சுதாவுக்குக் காதலன் இருக்கிறான். அவன் அவளைப் பொறுத்துக்கொள்ளவில்லை, காதலிக்கிறான். அவளுக்குக் கோபம் வருகிறது, களைத்துப் போகிறாள், சிரிக்கிறாள், ஒப்பந்தக்காரரோடு சண்டை போடுகிறாள். அவள் தியாகியும் அல்லள், கோமாளியும் அல்லள். படம் முழுவதும் அவள் நிறம் ஒரு பேச்சாகவே எழவில்லை. சிமெண்டு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை காணாமல் போனது, கம்பி என்ன விலை, கடன் எப்போது கிடைக்கும், எந்த அலுவலகத்தில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பவைதாம் அவளிடம் கேட்கப்படுகிற கேள்விகள்.